எத்தனை நாள் உடம்பில் இருக்கும்?

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் வாத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அப்படிப் போக முடியாது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக அங்கேயே கிடக்கிறார்கள்.

வாத்து என்பது மகள்தான். நடக்கப் பழகிய கையோடு நீச்சல் குளத்தில் இறக்கிவிடப்பட்டவள். கரையேறினால் காலை அகட்டி அகட்டி நடப்பாள் என்று சித்தப்பா வைத்த பெயர் அது. பெயர் வைத்த சித்தப்பாவுக்கு வீட்டு வாசல் அடைத்துப் பல வருஷம் ஆகிறது. பெயரை மட்டும் யாராலும் வெளியே அனுப்ப முடியவில்லை.

அப்பா நீச்சல் பயிற்சியாளர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். குளத்துக்குள் மகளும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், வாசலைத் தாண்டிய பிறகுதான் அப்பா. அப்படியொரு கறாரான மனிதர். அம்மா கணக்கு டீச்சர். வகுப்பில் ஒரு வால் பையனும் அவள் முன்னால் வாலாட்ட முடியாது. வீட்டுக்கு வந்தால் மட்டும் மாஸ்டர் போட்ட விடைக்கு மறுவிடை கிடையாது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாஸ்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் யார் வாயிலும் போகக் கூடாது. இருமல் மருந்தானாலும் சரி, தலைவலி மாத்திரையானாலும் சரி, அட்டையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்து, விளையாட்டுக்காரர்களுக்கு ஆகாத சரக்கு ஏதும் கலந்திருக்கிறதா என்று அவர் பார்த்த பிறகுதான் தண்ணீர் டம்ளரே வரும். சட்டம் வந்ததற்குக் காரணம் அவருடைய தம்பி. ஒரு பெரிய போட்டியில் ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டி, தடை வாங்கி, தூக்கி வளர்த்த அண்ணன் முகத்தில் கரியைப் பூசியவன். குளத்து ஆபீஸ் சுவரில் இருந்த தம்பியின் படத்தை மாஸ்டர் தன் கையாலேயே கழற்றினார். அன்றோடு பேச்சு நின்றது.

இந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதுதான் வாத்துக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்தது. கன்னத்தில் வலி, இரண்டு கண்ணுக்கும் நடுவில் குத்துகிறது என்றாள். டாக்டரிடம் போகலாமா என்று டீச்சர் கேட்டாள். அணிக்கு ஆள் எடுக்கிற செலக்‌ஷன் முடியட்டும் என்றார் மாஸ்டர். சில நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே பதில். வாத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே விடியற்காலையில் குளத்தில் குதித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் எழுந்தபோது இடது கண் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இமை பழமாக வீங்கி, கண்ணே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. சைனஸில் தங்கிய கிருமி நடுவில் இருக்கும் மெல்லிய எலும்பைத் தாண்டிக் கண் குழிக்குள் இறங்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இதுவரைதான் போன வாரக் கதை.

இன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. டீச்சர் மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் மாஸ்டரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

கண் டாக்டரம்மா வந்தார். வீங்கிய இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்து டார்ச் அடித்தார். வாத்து பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து, அதன் மூடியை அந்தக் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"என்ன கலர்?"

"சிவப்பு."

"நல்ல கண்ணால பாரு. இப்போ இந்தக் கண்ணால பாரு. ரெண்டும் ஒரே சிவப்பா?"

"ஒரே சிவப்புதான்."

"கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, பெற்றவர்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஆன்டிபயாடிக் வேலை செய்யுது. காய்ச்சல் இறங்கிடுச்சு, ரத்தமும் தேவலை. ஸ்கேன்ல சீழ் கட்டியா எதுவும் சேரல. ஆனா வீக்கம் மட்டும் வத்த மாட்டேங்குது. கண் குழி ரொம்பச் சின்ன இடம். வீக்கம் அங்கேயே நின்னுச்சுன்னா கண் நரம்பை அழுத்தும். நரம்பு நசுங்க ஆரம்பிச்சா முதல்ல சிவப்புதான் மங்கும். அதுக்குத்தான் அந்த மூடியைக் காட்டுறேன்."

டீச்சர் தலையாட்டினாள்.

"அதனால ஆன்டிபயாடிக்கோட ஸ்டீராய்டும் சேர்க்கலாம்னு மூக்கு டாக்டரும் நானும் பேசியிருக்கோம். கொஞ்ச நாளைக்குத்தான். வீக்கத்தை வத்த வைக்க."

ஸ்டீராய்டு என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"வந்த அன்னிக்கே ஏன் டாக்டர் குடுக்கல?" என்று டீச்சர் கேட்டாள்.

"நல்ல கேள்வி. இது உடம்போட எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிடும். கிருமியை அடக்காம இதைக் குடுத்தா கிருமிக்குக் கொண்டாட்டமாப் போயிடும். இப்போ கிருமி அடங்கிட்டு வருது, அதனால குடுக்கலாம். எல்லா டாக்டரும் குடுப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு அப்படி உக்கார்ந்து பார்க்க மனசு வரல."

"எத்தனை நாள் உடம்புல இருக்கும்?" என்றார் மாஸ்டர்.

பக்கவிளைவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க. கொஞ்ச நாள் குடுக்கறதால பெருசா ஒண்ணும் ஆகாது. பசி எடுக்கும், தூக்கம் கெடும், அவ்வளவுதான்."

"அதில்ல. டெஸ்ட் எடுத்தா எத்தனை நாள் வரைக்கும் காட்டும்?"

"என்ன டெஸ்ட்?"

"அவ ஸ்விம்மர். அடுத்த வாரம் செலக்‌ஷன்."

டாக்டரம்மா மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். அதைவிட டீச்சர் பார்த்த பார்வைதான் மாஸ்டரைச் சுட்டது.

அவர் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுவோம். அடுத்த வாரம் மகள் நீந்தப் போகிறாள் என்று அவரும் நினைக்கவில்லை. தலையைக் குனிந்தாலே வலி தாங்காமல் கத்துகிறவள் எங்கே நீந்துவது? ஆனால் மருந்தின் பெயரைக் கேட்டவுடன் அந்தக் கேள்வியைக் கேட்டே பழகிய நாக்கு. மூளை யோசிப்பதற்குள் அது தன் வேலையைக் காட்டிவிட்டது. கேட்ட பிறகாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

மூடவில்லை. "ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர். முறைப்படி அனுமதி எழுதி வாங்கிட்டா நாளைக்குப் பிரச்சனை வராது. கொஞ்சம் டைம் குடுங்க."

"இந்த நிமிஷமே போடணும்னு சொல்ல மாட்டேன். ஆனா தள்ளிப் போடற விஷயமும் இல்ல." டாக்டரம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தாள். கணவனைப் பார்த்தாள். "அவர் கேட்டுட்டு வந்துடட்டும்" என்றாள்.

கேட்க வேண்டிய ஆள் நீச்சல் சங்கத்து டாக்டர். மாஸ்டர் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் கேன் வைத்திருந்த மூலையில் நின்று போன் போட்டார். உதவியாளர் எடுத்தான். டாக்டர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றான். திரும்பப் போட்டபோது வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றான். அதற்கடுத்து, சாப்பிடுகிறார், அவரே கூப்பிடுவார் என்றான். சங்கத்து ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது மாஸ்டருக்கும் தெரியும்.

எந்த நேரத்திலும் மேலே போய், போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு மாடிதான். ஏறவில்லை. முறையாகச் செய்ய வேண்டும், சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம். தண்ணீர் கேனைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பொழுது போய்க்கொண்டே இருந்தது.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது.

"உயிருள்ளதை உள்ள விட முடியாதுங்க" என்று வாட்ச்மேன் ஒருவனை மறித்துக்கொண்டிருந்தார். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறையத் தண்ணீர். தண்ணீரில் ஒரு மீன்.

"இது கடிக்காதுங்க. குரைக்கவும் குரைக்காது" என்றான் அவன்.

மாஸ்டரின் தம்பி. நீச்சலை விட்ட பிறகும் தண்ணீரை விட மனசு வராமல் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கிறவன். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று தம்பிக்கு யார் சொல்லியிருக்க முடியும் என்று மாஸ்டர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேலே கட்டிலருகே ஒருத்திதான் இருக்கிறாள்.

வாட்ச்மேன் மாஸ்டரைப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து போகிறபோதும் வருகிறபோதும் பார்க்கிற முகம். "சார், இவரு உங்க ஆளுங்களா?"

தம்பியும் திரும்பிப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. தோள் மட்டும் அதே தோள்.

"பேஷண்டோட சித்தப்பா" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு, வராத அழைப்புக்காகப் போனைப் பார்த்தார்.

தம்பி சின்னதாகச் சிரித்துக்கொண்டு மீனை வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டுப் படியேறினான். மாஸ்டரின் போன் அதன் பிறகு வெகுநேரம் கழித்துத்தான் அடித்தது.

சங்கத்து டாக்டர் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதுக்காகவா காலையில இருந்து காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார். "ஆஸ்பத்திரியில சேர்ந்து உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்துன்னு குடுக்கற மருந்துக்கு யாரும் முன்கூட்டிக் கேக்க வேண்டாம் மாஸ்டர். குடுத்த பிறகு எழுதிப் போட்டா போதும். புள்ளையோட கண்ணைப் பாருங்க மொதல்ல."

மாஸ்டர் நன்றி என்றுகூடச் சொல்லாமல் படியில் ஓடினார்.

அறையில் டாக்டரம்மா ஏற்கெனவே கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். சிவப்பு மூடி அவர் கையில் இருந்தது.

"ஒரே சிவப்பா?"

வாத்து நல்ல கண்ணைப் பொத்திப் பார்த்தாள். திறந்து பார்த்தாள். மறுபடி பொத்தினாள்.

"இந்தக் கண்ணுல கொஞ்சம் வெளுப்பா இருக்கு" என்றாள்.

டீச்சர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நான் எழுதி வச்ச ஊசியைக் கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. இந்த முறை அவர் யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. "இப்பவே ஏத்தறோம். மூக்கு டாக்டர்கிட்டச் சொல்லி தியேட்டரைத் தயாரா வைக்கச் சொல்றேன். இதுக்கு மேல மங்கிச்சுன்னா ஆபரேஷன். அழுத்தத்தை உடனே எடுத்தாகணும்."

"நான் சரின்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார் மாஸ்டர். அவர் குரல் அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"சரி" என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். கையில் ஏற்கெனவே போட்டிருந்த டியூப் வழியாகத்தான் மருந்து ஏற வேண்டும். புதிதாகக் குத்தக்கூட வேண்டாம். அப்படியும் வாத்து கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இது என்ன ஊசி?"

"வீக்கம் குறையறதுக்குடா கண்ணு" என்றாள் நர்ஸ்.

"ஸ்டீராய்டா? வெளிய பேசினது எனக்குக் கேட்டுச்சு."

"ஆமா. கையைக் குடு."

"வேணாம்." வாத்து அப்பாவைப் பார்த்தாள். ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. "வேணாம் மாஸ்டர்."

மாஸ்டர் என்கிறாள். இங்கே குளம் இல்லை, விசில் இல்லை, மருந்து வாடை அடிக்கிற ஒரு அறை. இங்கேயும் பிள்ளை அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுகிறது.

"போட்டுக்கம்மா. டாக்டர் சொல்றாங்க. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். தப்பில்ல."

"இப்போ அப்படித்தான் சொல்வீங்க. அப்புறம் பேச மாட்டீங்க."

"யார் பேச மாட்டா?"

"நீங்கதான். சித்தப்பாகிட்டப் பேசறதில்லல்ல? அவரும் இதைத்தானே போட்டுக்கிட்டாரு?"

ஜன்னலோரம் நின்றிருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நர்ஸ் ஊசியைப் பிடித்தபடி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மாஸ்டர் எத்தனையோ பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறார். குதிக்கப் பயந்தவர்களைப் பயமுறுத்திக் குதிக்க வைத்திருக்கிறார். பிள்ளைகள் பயந்தால் நீச்சல் வரும் என்பது அவர் கட்சி. தன் பெண், கண் போனாலும் பரவாயில்லை, அப்பா பேசாமல் போய்விடக் கூடாது என்று பயந்து கையை இழுத்துக்கொள்வாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அந்த நிமிஷம் அவர் வெட்கப்பட்டதுபோல் வாழ்க்கையில் வெட்கப்பட்டதில்லை.

"அப்படியெல்லாம் இல்லடா" என்றார்.

"அப்போ பேசுங்க. சித்தப்பாகிட்டப் பேசினாத்தான் கையை நீட்டுவேன்."

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டர் தம்பியைப் பார்த்தார். இத்தனை வருஷப் பேச்சு சேர்ந்து கிடந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"மீனெல்லாம் நல்லாருக்கா?" என்றார்.

"நல்லாருக்குண்ணா" என்றான் தம்பி.

"வியாபாரம்?"

"பரவால்லண்ணா. போகுது."

வாத்து ஒற்றைக் கண்ணால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்றாள். ஆனாலும் போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. தம்பி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். மருந்து மெதுவாக ஏறியது.

பிறகு வராந்தாவில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீச்சர் நடுவில் இருந்தாள். மாஸ்டர் அவளிடம் ஏதாவது திட்டு வாங்கிவிட்டால் தேவலை என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"நான் ரெண்டு தடவை கேட்டேன்" என்றாள். "மூணாவது தடவை கேக்காம நானே கூட்டிட்டுப் போயிருக்கணும். என் பொண்ணுதானே அவளும்? காலையிலயும் பாருங்க. அந்தம்மா என்னைத்தான் கேட்டாங்க, போடுங்கன்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. கேட்டுக் கேட்டே நடந்து எனக்குப் பழகிப்போச்சு."

அவள் எழுந்து, வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பெஞ்சில் அவள் இருந்த இடம் காலியாக இருந்தது. அண்ணனும் தம்பியும் அந்த இடத்தைத் தாண்டி நெருங்கி உட்காரவில்லை.

"டேய்" என்றார் மாஸ்டர்.

"சொல்லுங்கண்ணா."

"அன்னிக்கு அந்த ஊசி... எதுக்குடா போட்டுக்கிட்டே?"

தம்பி சுவரைப் பார்த்தபடி இருந்தான். இவ்வளவு காலத்தில் யாரும் கேட்காத கேள்வி. பரிசோதனை முடிவில் ஸ்டீராய்டு என்று ஒரு சொல் எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மேல் மாஸ்டர் படிக்கவில்லை.

"தோள் வீங்கியிருந்துச்சுல்ல" என்றான். "கையைத் தூக்க முடியாம இருந்தேன். தோளைச் சரி பண்ணிட்டு வா, இல்லேன்னா குளத்துப் பக்கமே வராதேன்னு சொன்னீங்க. எங்கேயோ போய் ஒரு ஊசி போட்டேன். மறுநாளே கை தூக்குச்சு. சரி பண்ணிட்டு வந்துட்டேன், அவ்வளவுதாண்ணா."

அப்படிச் சொன்னோமா என்று மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். நினைவில்லை. ஆனால் அது அவருடைய வாக்கியம்தான். எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். காய்ச்சலைச் சரி பண்ணிட்டு வா. முட்டியைச் சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா வராதே.

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்றான் தம்பி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "விடுங்கண்ணா. அந்த மீனுக்குத் தண்ணி மாத்தணும், வாட்ச்மேன் மேஜையில வச்சிட்டு வந்தேன்" என்று எழுந்து போனான்.

திரும்பி வருவானா என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் டீச்சர் பையோடு வந்தாள். அலமாரியில் முதலில் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மாஸ்டருக்கு மாற்றுச் சட்டையாக வந்தது குளத்துச் சட்டை. செலக்‌ஷனுக்கென்று சங்கத்தில் கொடுத்தது, இன்னும் மடிப்புக் கலையாத, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. வேறு ஒன்றும் இல்லாததால் அதையே போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா மறுபடியும் வந்தார். இமையின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. விரலால் தூக்காமலே ஒரு கீற்று அளவுக்குக் கண் திறந்தது. டீச்சர் கை கூப்பப் போனாள். டாக்டரம்மா அதற்குள் மூடியை எடுத்துக் காட்டினார்.

"மத்தியானம் மாதிரியே இருக்கு" என்றாள் வாத்து. "அதே வெளுப்பு."

"அதுக்கு மேல வெளுக்கலையே?"

"இல்ல."

"அதுவே நல்ல சேதிதான்" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து, "மோசமாகல. காலையில பார்ப்போம். சிவப்பு திரும்பிச்சுன்னா ஆபரேஷன் வேணாம். திரும்பலேன்னா மூக்கு டாக்டர் தயாரா இருக்கார்" என்றார்.

மாஸ்டர் அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தார். "டாக்டர், நீங்க சொன்னப்பவே போட்டிருந்தா?"

டாக்டரம்மா நின்றார். சுலபமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை. "போட்டிருந்தாலும் மங்கியிருக்கலாம். மங்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது சார். யாருக்கும் தெரியாது" என்றார்.

இனி எந்நாளும் யாரும் அதைச் சொல்ல முடியாது என்பதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. தப்பு இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை, தப்புதான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அறைக்குத் திரும்பினார்.

வாத்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புதிதாகத் திறந்த கண்ணைச் சோதித்துப் பார்ப்பது அவளுக்கு ஒரு விளையாட்டாகப் போயிற்று. நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"என்னப்பா, இவ்வளவு பழைய சட்டையைப் போட்டிருக்கீங்க?" என்றாள்.

துணியை மடித்துக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது.

"ஆமாம்மா" என்றார் அவர். "துவைச்சுத் துவைச்சு வெளுத்துப்போச்சு."